முதல் பக்கத்திலிருந்து வாசித்தவர்

எனக்கு எழுபத்தைந்து வயது. ஐந்து பேரை வளர்த்து ஆளாக்கினேன். நாலு நான் பெற்றது, ஒன்று என் தங்கை விட்டுவிட்டுப் போனது. ஐந்து பேரில் ஒருவர்கூட என்னை அடுத்தவர் வாசலில் தலைகுனிந்து நிற்க வைத்ததில்லை. இதைப் பெருமைக்காகத்தான் சொல்கிறேன். தலைகுனிந்து நின்றது ஒரு தடவை; அது என் பிள்ளைகளால் இல்லை, என்னால். அந்த ஒரு தடவை என் பக்கத்தில் நின்ற ஒரு மனுஷியைப் பற்றித்தான் எழுதப் போகிறேன்.

நான் தோட்டத்துப் பள்ளியில் மூன்றாம் வகுப்போடு நின்றவள். பதினான்கு வயதில் ரப்பர் பால்மரம் வெட்டப் போனேன். தோட்டத்தை வீடு கட்ட விற்ற பிறகு சுங்கைப் பட்டாணிக்கு வந்து, ஓர் ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலைக்குச் சேர்ந்தேன். எந்த ஆஸ்பத்திரி என்று சொல்லத் தேவையில்லை. இதைப் பெரிய பெரிய எழுத்தில் நான் பள்ளிக்கூட நோட்டில் எழுத, என் பேத்தி பிழை பார்த்து நல்ல தாளில் எழுதுகிறாள்.

அந்த மனுஷியின் பெயரையும் சொல்ல மாட்டேன். ஆயிரக்கணக்கான பேருடைய நோய் அவருக்குத் தெரியும். ஒருவர் பெயரும் அவர் வாயிலிருந்து வெளியே வந்து நான் கேட்டதில்லை. அப்படிப்பட்டவரின் பெயரை நான் மட்டும் ஊருக்குச் சொல்வதா?

ஆஸ்பத்திரியின் பின்பக்கம், துணி துவைக்கும் கட்டடத்துக்குப் பக்கத்தில் ரெக்கார்டு ஆபீஸ். அங்கேதான் அவருக்கு வேலை. நோயாளி வீட்டுக்குப் போன பிறகு அவருடைய ஃபைல் அங்கே வரும். அவருக்கு வந்தது என்ன நோய் என்று ஒரு தடிப் புத்தகத்தில் பார்த்து, ஃபைலில் ஒரு நம்பர் போட வேண்டும். அவ்வளவுதான் வேலை. நோய்க்கெல்லாம் லாரிக்குப் போடுகிற மாதிரி நம்பர் இருக்கிறது என்பதே எனக்கு அங்கே போய்த்தான் தெரிந்தது.

ஒல்லியான உருவம். மலாய்ப் பெண்கள் உடுத்தும் பாஜு கூரோங்தான் எப்போதும். கழுத்தில் மெல்லிய சங்கிலி, அதில் சின்னச் சிலுவை. கையில் ஓர் அடி மரஸ்கேல். அந்த ஸ்கேலை வரிக்குக் கீழே வைத்து, ஃபைலை முதல் பக்கத்திலிருந்து வாசிப்பார். ஆபீஸில் மற்றவர்கள் கடைசிப் பக்கத்தைப் பார்ப்பார்கள். டாக்டர் அங்கே நோயின் பெயரைச் சுருக்கமாய் எழுதியிருப்பார், அதைப் பார்த்து நம்பர் போட்டுவிடலாம். இவர் கடைசிப் பக்கத்தைக் கடைசியாகத்தான் பார்ப்பார். ஸ்கேலின் ஓரம் தேய்ந்து மீன் பல் மாதிரி ஆகியிருந்தது.

இன்னொன்று. ஃபைலை அவர் 'அது' 'இது' என்று சொல்ல மாட்டார்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில், தரை துடைப்பதற்காகக் கீழே இருந்த நாலு ஃபைலைத் தூக்கி மேலே இருந்த அடுக்கில் வைத்துவிட்டேன்.

"அக்கா, அவங்கள யாரு அங்க மாத்துனது?"

நான் திரும்பிப் பார்த்தேன். அறையில் எங்கள் இரண்டு பேரைத் தவிர யாரும் இல்லை. "யார மேடம்?"

"இந்த நாலு பேரத்தான். இவங்க இன்னும் முடியல. முடிஞ்சவங்களோட சேத்து வைக்கக் கூடாது. மேடம் எல்லாம் வேணாங்க்கா, நான் உங்களுக்குத் தங்கச்சி வயசு."

எனக்கு உள்ளுக்குள் சிரிப்புதான். இந்த அம்மாவுக்கு ஏதோ ஒரு நட்டு கழன்றிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் அன்றிலிருந்து ஜன்னலுக்குக் கீழே இருந்த அந்தத் தட்டில் கை வைத்ததில்லை. இன்னும் நம்பர் போட்டு முடியாதவர்களின் தட்டு அது.

நம்பர் விஷயத்தை அவர் எனக்குச் சொல்லிக் கொடுத்தது நான் கேட்டதால் இல்லை. ஒரு மத்தியானம் பால் ஊற்றாத கொப்பி ஓவில் பிஸ்கட்டை நனைத்துக்கொண்டே ஆரம்பித்தார்.

"உங்க தோட்டத்துல ஒரு லைன்ல எத்தன வீடுக்கா?"

"எங்க லைன்ல பன்னண்டு."

"இந்தப் புத்தகத்துல ஒரு லைனுக்குப் பத்துக்கு மேல கிடையாது. ஒரு எழுத்து, ரெண்டு நம்பர், அது லைன். ஒரு புள்ளி வச்சு அப்புறம் வர்றது வீட்டு நம்பர். ஒரே மாதிரி நோயெல்லாம் ஒரே லைன்ல குடியிருக்கும். கடைசி வீடு யாருக்குன்னு சொல்லுங்க?"

"வேல வாங்குற மண்டோருக்கா?"

வாய்விட்டுச் சிரித்தார். "இல்லலா! எந்த வீடுன்னு தெரியாதவங்களுக்கு. 'வயித்து வலி, காரணம் தெரியல.' 'காய்ச்சல், காரணம் தெரியல.' சோம்பேறிங்க எல்லாரையும் அங்கதான் தள்ளுவாங்க. ஈசியாச்சே. உண்மையிலேயே தெரியலன்னா நானும் அங்க வைப்பேன். தேடாம வைக்க மாட்டேன்."

இதனால் அவருக்கு நல்ல பெயர் இல்லை. பக்கத்து மேசையில் இருந்த மலாய்ப் பெண், மாலை ஐந்து மணிக்குப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, "காக், சூடாலா" என்பாள். போதும், விடுங்கள் அக்கா என்று அர்த்தம். பெரிய அதிகாரி வந்து, தட்டில் ஃபைல் குவிகிறது என்று சத்தம் போட்டதை நானே கேட்டேன். இவர் எழுந்து நின்று, "முடியாதவங்கள முடிஞ்சதா நான் எழுத மாட்டேன் துவான்" என்று மலாயில் சொல்லிவிட்டு, உட்கார்ந்து ஸ்கேலை எடுத்துக்கொண்டார்.

டாக்டர்களும் இவரிடம் படாத பாடு பட்டார்கள். ஒரு தடவை ஒரு தமிழ் டாக்டர், சின்ன வயசுக்காரர், திருப்பி அனுப்பப்பட்ட ஃபைலோடு வந்து நின்றார்.

"இதுல என்னக்கா குறை? கையில சீழ் வச்சிருந்துச்சு, கீறி எடுத்தோம், வீட்டுக்குப் போயிட்டாரு. எல்லாம் எழுதியிருக்கேனே."

"கடைசிப் பக்கத்துல எழுதியிருக்கீங்க. முதல் பக்கத்துல நர்ஸ் மிஸ்ஸி 'மீன்'னு ஒரு வார்த்த எழுதியிருக்காங்க டாக்டர். என்ன மீன்?"

"அவரு கோத்தா கோலா மூடாவுல மீன் பிடிக்கிறவருக்கா. அதச் சொல்லியிருப்பாங்க."

"அவரு மீனப் பிடிச்சாரு, சரி. மீன் அவர என்ன பண்ணுச்சு?"

டாக்டர் தலையைச் சொறிந்தார். "மீன் குத்துனதுக்குக்கூட நம்பர் இருக்கா?"

"நாய் கடிச்சா ஒரு நம்பர், குளவி கொட்டுனா ஒரு நம்பர், கடல்ல இருக்கிறது முள்ளால குத்துனா ஒரு நம்பர். டாக்டருங்க உயிர வாங்குற கிளார்க்குக்குத்தான் இன்னும் நம்பர் வரல. போன் அடிச்சுக் கேளுங்க, இவங்க காத்திருக்காங்க."

அவர் சிரித்துக்கொண்டே போய் போன் அடித்தார். கடல் கெளிறுதான் குத்தியிருந்தது. மறுநாள் அந்த ஃபைல் தட்டிலிருந்து மேலே போனது.

இவ்வளவும் எனக்கு வேடிக்கையாக இருந்தது, என் வீட்டு ஃபைல் அந்தத் தட்டுக்கு வரும் வரை.

என் சின்ன மகளுக்கு அப்போது இருபது வயது. மின்சாரச் சாமான் செய்கிற ஃபாக்டரியில் வேலை. நல்ல இடத்திலிருந்து பெண் கேட்டு வந்திருந்தார்கள். அம்மனுக்குப் பால்குடம் எடுக்க விரதம் இருந்தாள். ஒன்பதாம் நாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டாள். நான் வேலை செய்த ஆஸ்பத்திரியிலேயே சேர்த்தேன். குடல்வால் என்று சொல்லி எடுத்தார்கள். எடுத்த பிறகு, குடல்வாலில் ஒரு கோளாறும் இல்லை என்றார்கள். வீட்டுக்கு அழைத்து வந்தேன். வலி விட்டுவிட்டு வந்துகொண்டே இருந்தது. பால்குடம் பாதியில் நின்றதால்தான் இப்படி என்று நினைத்து, நாற்பத்தெட்டு நாள் விரதம் இருக்கச் சொன்னேன். ஒரு வேளைச் சாப்பாடு. அதிலும் பாதியை வைத்துவிடுவாள். நான் கண்டுகொள்ளவில்லை, விரதம்தானே என்று.

ஐந்தாவது வாரம் அவள் தூங்குவதை நிறுத்தினாள். இல்லாத ஆளோடு பேசினாள். சுவரில் எறும்பு எறும்பு என்று கத்தினாள். ஒரு நாள் காலையில் கை கால் இழுத்து வலிப்பு வந்தது.

ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். மனநல வார்டில்தான் போடுவார்கள் என்று எனக்குத் தெரியும். அங்கே துடைக்கிறவளுக்குத் தெரியாதா? பெண் கேட்டு வந்த வீட்டுக்காரர் ஒருவர் அதே ஆஸ்பத்திரியில் ஆம்புலன்ஸ் ஓட்டிக்கொண்டிருந்தார். பெயர் வெளியே போனால் கல்யாணம் போச்சு. ஒரு கல்யாணம் இல்லை, இனி எந்தக் கல்யாணமும்.

என் மூத்த மகள் யான் என்ற ஊரில் கட்டிக்கொடுத்தவள். இரண்டாவது பிள்ளையை வயிற்றைக் கிழித்து எடுத்து, பத்தியத்துக்கு என் வீட்டில் இருந்தாள். அவள் ஐசி, அதாவது அடையாள அட்டை, என் இரும்பு அலமாரியில், அவள் நகையோடு இருந்தது. இரண்டு பேரும் ஒரே சாயல். மூத்தவளுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது, அவள் பெயருக்கு இனி என்ன வந்துவிடும் என்று நினைத்தேன். அவள் ஐசியை எடுத்துக்கொண்டு போய், அவள் பெயரில் சின்னவளைச் சேர்த்தேன். கையெழுத்துப் போடும் இடத்தில் எப்போதும் போல என் பெயரின் முதல் எழுத்தை எழுதி, கீழே இரண்டு கோடு இழுத்தேன்.

அந்தப் பொய் என்ன செய்தது என்று கேளுங்கள். டாக்டர்கள் மூத்தவளின் ஃபைலை எடுத்துப் பார்த்தார்கள். மூன்று மாதம் முன்பு பிள்ளை பெற்றவள். சரி, பிள்ளை பெற்ற பிறகு சில பெண்களுக்கு வருகிற மனக்கலக்கம் இது என்று முடிவு செய்தார்கள். என் மகள் படுக்கையில் கிடந்து, "எனக்குக் கல்யாணமே ஆகல, எனக்குப் புள்ள இல்ல" என்று கத்தினாள். அதையும் நோயின் அடையாளமாக எழுதிக்கொண்டார்கள். நான் பக்கத்தில் நின்றேன். வாயைத் திறக்கவில்லை.

வலிப்புக்கு மாத்திரை கொடுத்து இரண்டு வாரத்தில் வீட்டுக்கு அனுப்பினார்கள். அந்த மாத்திரையை நானே வேளா வேளைக்குக் கொடுத்தேன். மூன்று வாரம் போனது. மறுபடியும் அதே வயிற்று வலி, முன்னைவிடப் பெரிதாக. கையைத் தூக்க முடியவில்லை என்றாள். இந்தத் தடவை வயிற்று வலிதானே, அவளுடைய சொந்தப் பெயரில் சேர்த்தேன். பழைய ஆபரேஷனால் குடல் ஒட்டியிருக்கலாம், மத்தியானம் இரண்டு மணிக்குத் திறந்து பார்க்கிறோம் என்றார்கள். வேறு மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறாளா, வலிப்பு வந்ததுண்டா என்று கேட்டார்கள். இல்லை என்றேன். கையெழுத்துப் போட்டேன். கோடு இரண்டும் இழுத்தேன். அன்று எனக்கு வேலை நாள். வாளியைத் தூக்கிக்கொண்டு ரெக்கார்டு ஆபீஸுக்குத் துடைக்கப் போனேன்.

அவர் மட்டும்தான் இருந்தார்.

"அக்கா, கதவச் சாத்திட்டு உக்காருங்க."

இத்தனை நாளில் என்னை அவர் உட்காரச் சொன்னதே இல்லை. மேசையில் இரண்டு ஃபைல் பக்கத்துப் பக்கத்தில் இருந்தது.

"இவங்க ரெண்டு பேரும் யாருன்னு உங்களுக்குத் தெரியும்," என்றார்.

"எம் பொண்ணுங்க. அதுக்கென்ன இப்ப?"

"பெரியவங்க, மூணு வாரமா என் தட்டுல இருக்காங்க. முடிக்க முடியல. புள்ளய வயித்தக் கிழிச்சு எடுத்திருக்குன்னு முன்னாடி எழுதியிருக்கு. மனநல வார்டு டாக்டர் வயித்தப் பாத்து எழுதியிருக்காரு. அந்தத் தழும்பு இல்ல. வலது பக்கம் கீழ சின்னத் தழும்பு ஒண்ணுதான் இருக்கு. புள்ள பெத்த தழும்பு எங்கக்கா போச்சு?"

"டாக்டர் சரியாப் பாத்திருக்க மாட்டாரு."

"இருக்கலாம். அப்படித்தான் நானும் நெனச்சேன்." இன்னொரு ஃபைலைத் தொட்டார். "இன்னிக்குக் காலையில இவங்கள வார்டுல கேட்டாங்க. அனுப்பறதுக்கு முன்னாடி ஒரு தடவை வாசிச்சேன். குடல்வால் எடுத்திருக்காங்க. வலது பக்கம், கீழ. ரெண்டு ஃபைல்லயும் ஒரே கையெழுத்து. ஒரு எழுத்து, ரெண்டு கோடு."

அவர் ஸ்கேலை எடுத்து ஒரு வரிக்குக் கீழே வைத்தார். எனக்கு இங்கிலீஷ் தெரியாது என்று தெரிந்தும் வைத்தார்.

"இது மிஸ்ஸி எழுதுனது. 'தனக்குக் கல்யாணம் ஆகல, புள்ள இல்லன்னு திரும்பத் திரும்பச் சொல்றாங்க.' எல்லாரும் இத நோயின்னு வாசிச்சுட்டாங்க. அவங்க உண்மையத்தான் சொன்னாங்களாக்கா?"

எனக்குக் கோபம் வந்தது. மாட்டிக்கொண்டவளுக்கு வருகிற கோபம். "நீங்க கல்யாணம் காச்சின்னு ஒண்ணும் பாக்காதவங்க. பொண்ணப் பெத்து வச்சிருக்கிறவ பயம் உங்களுக்கு என்ன தெரியும்?" என்றேன்.

இன்றைக்கும் அந்த வார்த்தையை நினைத்தால் என் நாக்கு கசக்கிறது. அவர் ஸ்கேலை எடுத்து மேசை ஓரமாக வைத்தார்.

"தெரியாதுதான்," என்றார். "எனக்குத் தெரிஞ்சதச் சொல்றேன். குடல்வால் எடுத்தப்ப ஒரு டாக்டர் இவங்க ஃபைல்ல ஒரு நோயோட பேர எழுதி, இதுவா இருக்குமான்னு கேட்டு, சிறுநீரச் சோதிக்கச் சொல்லியிருக்காரு. பதில் வரவே இல்ல. அவரும் வேற ஊருக்கு மாத்தலாயிட்டாரு. போர்ஃபிரியா. ரத்தத்துக்குச் செவப்பு சேக்குற சத்து உடம்புல தயாராகுறப்ப, நடுவுல தடைபட்டு, வேண்டாதது தேங்கிப் போற நோய். இருபது வருஷத்துல அந்த லைன் பக்கம் நான் போனதே இல்லக்கா. இன்னிக்குத்தான் தேடி வாசிச்சேன். வயித்து வலி வருமாம். புத்தியும் கலங்குமாம். வலிப்பு வருமாம். சில மருந்து அவங்களுக்கு விஷமாம், மயக்க மருந்துலகூட."

"அப்ப அதுதானா?"

"நான் டாக்டர் இல்ல. அதுதான்னு சொல்ல மாட்டேன். வயித்து வலி ஒரு ஃபைல்ல, புத்தி கலங்குனது இன்னொரு ஃபைல்ல இருந்தா எந்த டாக்டர் சேத்துப் பாப்பாரு? அத மட்டும் சொல்லுவேன்." சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பதினொன்றே கால். "ரெண்டு மணிக்கு ஆபரேஷன். நான் இப்பவே டாக்டர்கிட்ட போறேன், அது என் வேல. ஆனா நான் சொன்னா கிளார்க்கோட சந்தேகம். நீங்க சொன்னா உண்மை. வர்றீங்களா?"

"என் வேல போயிரும், தங்கச்சி."

"போனாப் போகட்டும். அவங்க போகக் கூடாது."

என்னைத் தேற்ற அவர் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. வாளியை அப்படியே விட்டுவிட்டு எழுந்தேன். இரண்டு ஃபைலையும் மார்போடு அணைத்துக்கொண்டு அவர் முன்னால் போனார். மாடிப்படியில் என் கால் நின்றுவிட்டது. திரும்பிப் பார்த்தார்.

"அக்கா, முதல்ல இருந்து சொல்லுங்க. கடைசில இருந்து வேணாம்."

முதலிலிருந்து சொன்னேன். பால்குடம், விரதம், இரும்பு அலமாரி, ஐசி, மாத்திரை. எனக்குத் தெரிந்த மலாயில் சொன்னேன். ஆபரேஷன் டாக்டர் ஒரு மலாய்ப் பெண்மணி. என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் கேட்டது ஒன்றுதான்: அந்த மாத்திரை எங்கே? என் கைப்பையில்தான் இருந்தது. எடுத்துக் கொடுத்தேன். மாத்திரையின் பெயரைப் பார்த்த உடனே டாக்டர் போனை எடுத்தார்.

இரண்டு மணிக்கு ஆபரேஷன் நடக்கவில்லை. அந்த நோய்க்கு விஷமான மருந்தில் அதுவும் ஒன்றாம், மாத்திரை அன்றோடு நின்றது. பட்டினியும் இந்த நோய்க்கு ஆகாதாம். என் பிள்ளையை நான்தான் வேண்டுதல் என்று பட்டினி போட்டிருக்கிறேன். சர்க்கரைத் தண்ணீர் ஏற்றினார்கள். சிறுநீரை எடுத்து, வெளிச்சம் படாமல் அலுமினியத் தாள் சுற்றி அனுப்பினார்கள். இன்னொரு பாட்டிலை டாக்டர் ஜன்னலில் வெயில் படும்படி வைத்தார். சாயந்தரம் அது கொப்பி ஓ நிறத்துக்கு வந்துவிட்டது. மூன்றாம் நாள் பதில் வந்தது. அதேதான். மருந்து கோலாலம்பூரிலிருந்து வந்தது. சோற்றை அள்ளித் தன் வாயில் வைக்க என் மகளுக்கு இரண்டு மாதம் ஆனது. ஆனால் வைத்தாள்.

பதில் வந்த மறுநாள் அவர் என்னைக் கூப்பிட்டார். மூத்தவளின் ஃபைலில் தவறாக ஏறியிருந்ததை டாக்டர்கள் சிவப்பில் அடித்துக் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். அந்தப் பக்கங்கள் சின்னவளின் ஃபைலுக்கு மாறின. பிறகு, நான் பார்க்கும்படி, பேனாவைத் திறந்து எழுதினார். E80.2.

"பூஜ்யத்துல இருந்து எண்ணுனா மூணாவது வீடு. இதே லைன்ல, கொஞ்சம் தள்ளி, அடிக்கடி கண்ணு மஞ்சளாகுறவங்க இருக்காங்க. அவங்களுக்குப் பெருசா ஒண்ணும் ஆகாது. உங்க பொண்ணு வீட்டுலதான் கவனமா இருக்கணும்." ஃபைலை மூடி, இரண்டு கையாலும் தூக்கி மேல் அடுக்கில் வைத்தார். "இவங்க முடிஞ்சாங்க."

அந்த எழுத்தையும் நம்பரையும் நான் எழுதக் கற்றுக்கொண்டேன். எனக்கு எழுதத் தெரிந்த இங்கிலீஷ் அது ஒன்றுதான். ஓர் அட்டையில் என் கையாலேயே எழுதி மகளின் பர்ஸில் வைத்தேன். ஆகாத மருந்துகளின் பெயரை அவர் கீழே எழுதிக் கொடுத்தார். பட்டினி கிடக்கக் கூடாது என்று தமிழில் நானும் எழுதினேன்.

அன்றைக்கு அவரிடம் இன்னொன்று கேட்டேன். குடும்பத்தில் வேறு யாருக்காவது இப்படி இருந்ததா என்று டாக்டர் கேட்டபோதுதான் என் அம்மா ஞாபகத்துக்கு வந்தாள். தோட்டத்து லைன் வீட்டில், நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது, வயிற்று வலியில் கத்திக் கத்தி, கடைசியில் எங்களையே அடையாளம் தெரியாமல் செத்தாள். செய்வினை என்றார்கள்.

"எங்கம்மாவுக்கும் அந்த நம்பரப் போட முடியுமா, தங்கச்சி?"

யாராக இருந்தாலும் ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கொடுத்து என்னைச் சமாதானப்படுத்தியிருப்பார்கள். அவர் பேனாவை மூடிவிட்டார்.

"ஃபைல் இல்லாதவங்களுக்குப் போட முடியாதுக்கா. ஆனா நீங்க சொல்லுங்க, நான் கேக்குறேன்."

சொன்னேன். அரை மணி நேரம் இருக்கும். குறுக்கே ஒரு வார்த்தை பேசாமல் கேட்டார். என் அம்மாவின் கதையை முதலிலிருந்து கேட்ட ஒரே ஆள் அவர்தான்.

எனக்கு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார்கள், வேலை போகவில்லை. பெண் கேட்டு வந்த வீட்டுக்கு நானே போய் எல்லாவற்றையும் சொன்னேன். டீ கொடுத்தார்கள். அதற்குப் பிறகு தகவல் வரவில்லை. மூன்று வருடம் கழித்துப் பள்ளி வேன் ஓட்டுகிற ஒருவர் வந்தார். முதல் நாளே என் மகள் அவரிடம் அட்டையை நீட்டினாள். அவர் வாசித்துவிட்டு, "அப்ப பசியோட மட்டும் இருக்க வுடக் கூடாது, அவ்வளவுதானே?" என்றார். இதை எழுதுகிற பேத்தி அவர்கள் மகள்தான்.

மூத்தவள்தான் என்னை மன்னிக்க நாளானது. "அவ பேரு கெட்டுப் போகக் கூடாது. என் பேரு மட்டும் என்னம்மா, நீ தரை தொடைக்கிற துணியா?" என்று கேட்டாள். ஒரு வருடத்துக்கு மேல் என்னோடு பேசவில்லை. கேட்டதில் தப்பில்லை. பிறகு அவளுக்கும் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். அவளுக்கும் அது இருக்கிறது, இதுவரை தொந்தரவு கொடுத்ததில்லை. அவள் பர்ஸிலும் ஓர் அட்டை வைத்தேன். அந்த அட்டையை வாங்கிக்கொண்ட அன்றுதான் மறுபடியும் "அம்மா" என்றாள்.

அவரிடம் நான் நன்றி சொல்லப் போனது ஒரு தீபாவளிக்கு, முறுக்கு டின்னோடு. அன்றைக்குப் பேசிய வார்த்தைக்கு மன்னிப்பும் கேட்டேன். "அது எந்தப் பக்கத்துலயும் எழுதலக்கா" என்று சொல்லிவிட்டு முறுக்கைக் கடித்தார். பிறகு கம்ப்யூட்டர் வந்தது, அவர் பென்ஷனில் போனார். தைப்பிங்கில் தங்கை மகளோடு இருப்பதாகச் சொன்னார்கள். அவர் கொடுத்த நம்பருக்கு இப்போது போன் போவதில்லை. இருக்கிறாரா இல்லையா என்று யாரைக் கேட்டும் தெரியவில்லை. ஒருவரும் வந்து இப்படி என்று சொல்லாத வரை, அவரை நான் முடிந்தவர்களோடு வைக்க மாட்டேன். ஜன்னலுக்குக் கீழே இருந்த அந்தத் தட்டில்தான் வைத்திருக்கிறேன். இவங்க இன்னும் முடியல.

அவ்வளவுதான். எழுதி முடித்தாயா, கண்ணு? காலையிலிருந்து எழுதுகிறாய், முதலில் நாலு வாய் சாப்பிடு. உன் பர்ஸில் இருக்கிற அட்டையில் பாட்டி என்ன எழுதியிருக்கிறேன், மறந்துவிட்டதா? சாப்பிட்டுவிட்டு, நான் நோட்டில் எழுதியதெல்லாம் சரியாக வந்திருக்கிறதா என்று சத்தமாய் வாசித்துக் காட்டு.

அங்கே எதற்குப் புரட்டுகிறாய்? கடைசிப் பக்கம் வேண்டாம். முதல் பக்கத்திலிருந்து வாசி.